எடுத்த காரியமும் இளைத்த உடலும்

அய்யா துணை

கார்த்திகை மாதம். தென்கோடியில் ஒரு சிற்றூர். அங்குள்ள நிழல் தாங்கலில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முற்றத்தில் உட்கார இடம் இல்லை. குழந்தைகள் முன்வரிசையில், தாய்மார்கள் ஒருபுறம், பெரியவர்கள் தூணோரம். நெற்றியில் திருநாமமும் தலையில் தலைப்பாகையுமாக ஏட்டின் முன் அமர்ந்தவரின் குரல் தெருமுனை வரை கேட்டது. 15-ஆம் நாள் திருக்கல்யாணம். அன்றும் கூட்டம் நிறையும். 17-ஆம் நாள் பட்டாபிஷேகம். அன்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகள்கூட வந்துவிடுவார்கள்.

ஆனால் இன்று 9-ஆம் நாள். வெளியே அடைமழை. உள்ளே ஏழெட்டுப் பேர். அவர்களிலும் இருவர் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார்கள். ஏடு வாசிப்பவர் பகல் முழுவதும் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, குளித்து, ஈரம் காயாத தலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தவர். தொண்டை கட்டியிருக்கிறது. கண் எரிகிறது. இன்றைய பகுதி முடிய இன்னும் பல பக்கங்கள் இருக்கின்றன. அப்போது மனத்தின் ஓரத்தில் ஓர் எண்ணம் மெல்ல எட்டிப் பார்க்கிறது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

ஏடு வாசிப்பவருக்கு மட்டும் வரும் எண்ணம் அல்ல இது. நல்ல காரியம் ஒன்றைக் கையில் எடுத்த எவருக்கும் ஒரு 9-ஆம் நாள் வரும். அந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே சிந்திக்க வேண்டிய கேள்வி.

சோர்வு பாவமா?

எந்தக் காரியத்துக்கும் மூன்று காலம் உண்டு. தொடக்கத்தில் ஆசை துணை நிற்கும். முடிவு நெருங்கும்போது, இதோ முடியப்போகிறது என்ற மகிழ்ச்சியே துணை நிற்கும். நடுக்காலத்துக்குத்தான் துணை இல்லை. தொடங்கிய ஆசை தீர்ந்திருக்கும். முடிவு இன்னும் கண்ணில் பட்டிருக்காது. சோர்வு வந்து குடியேறும் இடம் அதுதான்.

தொடக்கத்தில் துள்ளி, நடுவில் துவள்பவரை ஊரில் 'ஆரம்ப சூரன்' என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் பாதிதான் உண்மை. தொடக்கத்தில் இருந்த வேகம் பொய் அல்ல. விதைக்குள் இருக்கும் சத்து முளை விடும் வரைக்கும்தான் காணும். அதன் பிறகு வேர்விட்டு மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். விதையின் சத்து தீர்ந்துபோனது விதையின் குற்றம் ஆகுமா? முளைத்த பிறகும் விதையின் சத்தையே நம்பி, வேர் விடாமல் இருப்பதுதான் குற்றம். தொடக்க வேகமும் அப்படித்தான். அது தீரும். தீர்ந்த பிறகு எதைக் கொண்டு நடப்பது என்று தெரியாதவரே பாதியில் நின்றுவிடுகிறார்.

சோர்வு வந்ததும் பக்தர்கள் பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். 'அன்று இருந்த பக்தி இன்று இல்லையோ? அய்யாவிடம் வைத்த அன்பு குறைந்துவிட்டதோ?' என்று கலங்குகிறார்கள். கண் அயர்வது வேறு. மனம் விலகுவது வேறு. உடலுக்குப் பசி உண்டு, தாகம் உண்டு, உறக்கம் உண்டு. அவற்றைப் போலவே சோர்வும் உண்டு. பசித்தவரைப் பாவி என்று யாரும் சொல்வதில்லை. களைத்தவரையும் அப்படிச் சொல்லத் தேவையில்லை. சோர்வு வந்த பிறகு செய்வதில்தான் தர்மமும் அதர்மமும் பிரிகின்றன.

சோர்ந்தவர் முன் தவறான வழிகள் மூன்று திறந்து கிடக்கின்றன. ஒன்று, பாதியில் போட்டுவிட்டுப் போவது. இரண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன் என்று வீம்புக்கு நிற்பது. மூன்று, முடிக்காமலே முடித்ததுபோல் காட்டிக்கொள்வது. முதல் இரண்டும் வெளியே தெரிந்துவிடும்; யாராவது திருத்துவார்கள். மூன்றாவது தெரியாது. ஆகவே அதுவே பெரிய ஆபத்து. ஏட்டின் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டச் சொல்லும் எண்ணம் அந்த மூன்றாவது வகை.

பாளை சொல்லும் பாடம்

அய்யாவின் மக்களில் பலருடைய முன்னோர் பனையேறி வாழ்ந்தவர்கள். சோர்வை எப்படிக் கடப்பது என்று அவர்களுக்கு மரமே கற்றுக்கொடுத்தது.

அக்கானிக் காலத்தில் பனையேறி ஒரு நாளைக்கு 30, 40 மரம் ஏறி இறங்குவார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மேலே போய்ப் பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். சீவிய வாய் புதிதாக இருக்கும் வரைதான் அக்கானி சொட்டும். 'இன்று உடம்புக்கு முடியவில்லை, நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டால் அந்த வாய் காய்ந்து மூடிக்கொள்ளும். அதுவரை பாளையைப் பக்குவப்படுத்த எடுத்த உழைப்பெல்லாம் வீண்.

அதே நேரத்தில் இன்னொன்றும் உண்டு. கூடுதலாக வடியட்டும் என்று ஒரே நாளில் ஆழமாகச் சீவினால் பாளைதான் சீக்கிரம் தீரும். பருவம் முடியும் முன்பே கலயம் வெறுமையாகும். ஆகவே கைதேர்ந்த பனையேறி, உற்சாகம் மிகுந்த நாளிலும் மெல்லியதாகவே சீவுவார். உடம்பு வலிக்கும் நாளிலும் அதே அளவுதான் சீவுவார். அவரைப் பருவம் முழுவதும் மரத்தில் ஏற்றியது உற்சாகம் அல்ல, அளவு.

ஏறியவர் இறக்கிக் கொடுத்த அக்கானியை வீட்டில் இருக்கும் பெண் காய்ச்சுவாள். அங்கே கணக்கு வேறு. கருப்பட்டிக்குப் பாகு பதம் வரும் வரை அடுப்பை விட்டு அகல முடியாது. புகை கண்ணைக் கரிக்கும், கை ஓயும். ஆனால் பதம் வருவதற்கு முன் இறக்கிவிட்டால் சிரட்டையில் ஊற்றியது கட்டியாக உறையாது. அவளிடம் 'அளவாகச் செய், மிச்சத்தை நாளைக்கு வை' என்று சொல்ல முடியாது.

இந்த இருவரிடமும் ஒரு பாடம் இருக்கிறது. காரியங்கள் இரண்டு வகை. நாள் வாரியாகப் பிரித்துச் செய்ய வேண்டியவை ஒரு வகை. பதம் வரும் வரை இறக்கக் கூடாதவை மற்றொரு வகை. பிள்ளையின் படிப்பு, கடன் அடைத்தல், தாங்கல் கட்டும் திருப்பணி, நோயாளியைப் பேணுதல் எல்லாம் பாளை போன்றவை. அன்றாடம் மெல்லியதாகச் சீவ வேண்டும். பிரசவ வேளையில் துணை நிற்பதும், பிணக்கு முற்றிய இருவரைச் சமாதானப்படுத்தப் பேச உட்காருவதும் பாகு போன்றவை. இடையில் எழுந்துவிட்டால் மீண்டும் சேராது. தன் கையில் இருப்பது பாளையா, பாகா என்று தெரிந்துகொண்டாலே பாதிச் சோர்வு குறையும். பாளையைப் பாகு என்று நினைத்து ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவரே பலமுறை விழுந்துபோகிறார்.

தவசின் படிகள்

கொல்லம் 1008 மாசி மாதம், அதாவது 1833-இல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் எழுந்து வந்த அய்யா, பூவண்டன்தோப்பில் தவசு இருந்தார். அந்த இடமே இன்றைய சாமிதோப்பு. மொத்தம் ஆறு ஆண்டுத் தவசு. முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு தரையில். கடைசி இரண்டு ஆண்டு தரைக்கு மேலே எழுப்பிய இருக்கையில். வடக்கு வாசலில் நின்று திருமண் எடுத்து நெற்றியில் இடும் அன்பர்கள் அந்தத் தவசு நடந்த மண்ணையே தொடுகிறார்கள்.

அய்யாவின் தவசின் பெருமையை மனித அறிவால் அளக்க முடியாது. ஆனால் அந்தத் தவசின் வடிவத்தில் மனிதருக்கு ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. ஆறு ஆண்டு என்பது ஒரே நீளமாக வைக்கப்படவில்லை. இரண்டு, இரண்டு, இரண்டு என்று மூன்றாக வைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலை. குழியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து மேலே. பெரிய காரியம் படிப்படியாகவே ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா?

இன்னும் ஒன்றையும் மறக்கலாகாது. தவசுக் காலத்தை ஒட்டியே திருவிதாங்கூர் அரசின் காவலர்கள் வந்தார்கள். அய்யா திருவனந்தபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறையில் வைக்கப்பட்டார். சாதாரண மனிதர் ஒருவர் இத்தனை இடருக்குப் பிறகு வெளியே வந்தால், 'போதும், என்னால் ஆனதைச் செய்துவிட்டேன்' என்று ஓய்ந்திருப்பார். அவரை யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். அய்யா ஓயவில்லை. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். துவையல் தவசும், மக்கள் கூடி வணங்கும் நிழல் தாங்கல்களும், சாதி பாராமல் எல்லோரும் ஒரே கிணற்றில் நீராடி ஒன்றாக இருந்து உண்ணும் வழக்கமும் அய்யாவின் காலத்திலேயே வேர் பிடித்தன. 1851-இல் அய்யா வைகுண்டம் ஏகும் வரை அந்தப் பணி நிற்கவில்லை. சிறை அந்தப் பணிக்கு ஓர் இடைவெளியாக இருந்ததே தவிர, முடிவாகவில்லை.

இடைவெளிக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொருவரும் தம் வாழ்வில் பொருத்திப் பார்க்க வேண்டும். காய்ச்சலில் படுத்து ஒரு மாதம் பணிவிடைக்கு வர முடியாமல் போனவர், 'விட்டுப்போயிற்று, இனி எப்படி?' என்று தயங்கி வராமலே இருந்துவிடுவது உண்டு. விட்டுப்போனது ஒரு மாதம்தான். தயங்குவதால் போவது ஆண்டுக்கணக்கு.

துவையல் தவசும் முறையும்

துவையல் தவசைப் பற்றி அறியாத அன்பர் இல்லை. எழுநூறு குடும்பங்கள் வீட்டை விட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். நாள்தோறும் திரும்பத் திரும்ப நீராடி, உடுத்த துணியைத் துவைத்து, சைவ உணவை ஒரு வேளை உண்டு, அய்யாவின் நாமம் சொல்லி வாழ்ந்தார்கள். வாகைப்பதியில் தொடங்கிய தவசு, பின்னர் முட்டப்பதியில் தொடர்ந்தது.

துவைத்தலைப் போல முடிவில்லாத வேலை உலகில் குறைவு. காலையில் வெளுத்த துணி மாலையில் அழுக்காகும். கடல் உப்பும் மணலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். நூறாவது முறை துவைக்கும்போது, 'எதற்கு இது? மறுபடி அழுக்காகத்தானே போகிறது?' என்ற கேள்வி எழாமலா இருந்திருக்கும்? அழுக்கு மீண்டும் வரும் என்பதற்காகத் துவைப்பதை நிறுத்தலாம் என்றால், பசி மீண்டும் வரும் என்பதற்காக உண்பதையும் நிறுத்தலாம். துணி ஒருமுறை வெளுப்பது அந்தத் தவசின் பயன் அல்ல. துவைக்கிற மனிதர் துவைப்பவராகவே ஆகிவிடுவதுதான் பயன். தவசு நாட்கள் முடிந்தன. ஆனால் உடலும் உடையும் உள்ளமும் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற பழக்கம் பதிகளிலும் தாங்கல்களிலும் இன்றுவரை தொடர்கிறது.

அந்தத் தவசை ஒருவர் தனியாகச் செய்யவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. எழுநூறு குடும்பங்கள் கூடி இருந்தன. ஒருவர் தளர்ந்த வேளையில் அடுத்தவர் துவைக்கும் ஓசை காதில் விழும். சோர்வு தனியாக இருப்பவரிடம் உரத்துப் பேசும். கூட்டத்தில் அதன் குரல் அடங்கிவிடும்.

தமிழில் 'முறை' என்ற சொல்லுக்கு ஒழுங்கு என்றும் பொருள் உண்டு; இன்று உன் முறை, நாளை என் முறை என்று மாற்றி மாற்றிச் செய்வதற்கும் அதே சொல்தான். இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருப்பது எத்தனை பொருத்தம்! ஒழுங்காகச் செய்வதற்கு வழி, மாற்றி மாற்றிச் செய்வதே. நீண்ட காரியத்தை வேகம் முடிப்பதில்லை, முறையே முடிக்கிறது.

ஊழியம் வேறு, பணிவிடை வேறு

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். 'களைத்தவரிடம் இன்னும் பொறு, இன்னும் செய் என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே ஏழைகளை வேலை வாங்கினார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் பொறுமையைப் பற்றிப் பேசக் கூடாது.

அய்யாவின் காலத்தில் எளிய மக்களின் உடல் களைத்தது தங்கள் காரியத்துக்காக அல்ல. கூலி இல்லாத ஊழியத்துக்காகக் களைத்தது. பனையேறும் தளைக்கும் ஏணிக்கும்கூட வரி கட்டுவதற்காகக் களைத்தது. அந்தச் சோர்வைப் பொறுத்துக்கொண்டு ஊழியத்தைச் செவ்வனே முடியுங்கள் என்று அய்யா சொல்லவில்லை. அந்தக் கொடுமையைக் கண்டித்தார். குனிந்த தலைகளை நிமிரச் செய்து தலைப்பாகை கட்டச் சொன்னார். பிறர் சுமத்திய அநீதியைச் சுமந்து முடிப்பது விடாமுயற்சி அல்ல. அந்தச் சுமையை இறக்கி வைப்பதற்கு எடுக்கும் முயற்சியே விடாமல் தொடர வேண்டியது.

ஆகவே களைத்தவர் முதலில் கேட்க வேண்டியது, 'இது ஊழியமா, பணிவிடையா?' என்பது. தானே மனம் உவந்து, தர்மம் என்று தெரிந்து எடுத்த காரியம் பணிவிடை. அச்சத்தாலோ, அடுத்தவர் பெருமைக்காகவோ முதுகில் ஏறியது ஊழியம். ஊழியத்தில் வரும் சோர்வு, இறக்கி வை என்று சொல்கிறது. பணிவிடையில் வரும் சோர்வு, அளவைக் குறை, முறையை மாற்று, ஆனால் விட்டுவிடாதே என்று சொல்கிறது.

தன் பெயருக்காகப் பிறரை ஊழியம் வாங்குகிறவர் கோயில் காரியத்திலும் இருக்கக்கூடும். திருவிழாவை நடத்திக் காட்டுகிறேன் என்று சபையில் எழுந்து சொல்லுவார். அடுப்படியில் இரவெல்லாம் நின்று அன்னம் வடித்து முதுகு ஒடிவது தாய்மார்களுக்கு. முடித்தவர் என்ற பெயர் அவருக்கு; சோர்வு மட்டும் அவர்களுக்கு. அது முடிந்த காரியம் ஆகாது. அடுத்தவர் உடம்பைத் தேய்த்து முடித்த தர்மம் பாதித் தர்மம்தான்.

நிறுத்துவதும் கைமாற்றுவதும்

அப்படியானால் தொடங்கியது எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. தவறான வழியில் நெடுந்தூரம் வந்துவிட்டோமே என்பதற்காக மீதித் தூரத்தையும் நடப்பவர் இல்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. களைத்திருக்கும் வேளையில் அந்த முடிவை எடுக்கலாகாது. நள்ளிரவில் எல்லாக் காரியமும் வீண் என்றே தோன்றும். உறங்கி எழுந்து, நீராடி, திருநாமம் தரித்து, உகப்படிப்பு முடிந்த பிறகும் அதே எண்ணம் இருந்தால் அது ஆராய வேண்டிய எண்ணம். விடிந்ததும் மறைந்துவிட்டால் அது காரியத்தின் குறை அல்ல. உடம்பின் களைப்பு பேசிய பேச்சு.

இன்னொரு வழியும் இருக்கிறது. நிறுத்தாமலும், தானே சுமக்காமலும், கைமாற்றிக் கொடுப்பது. பலருக்கு இது கடினமாக இருக்கிறது. காரணம் சோர்வு அல்ல, 'நான்' என்பது. காரியம் முடிய வேண்டும் என்று விரும்புவது ஒன்று. அது என் கையால் முடிய வேண்டும் என்று விரும்புவது வேறொன்று. முன்னது தர்மம். பின்னது தர்மத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட அகந்தை.

படுத்த படுக்கையாகிவிட்ட தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகளை நினைத்துப் பாருங்கள். முதல் மாதம் அன்பாலேயே ஓடிவிடும். மூன்றாம் ஆண்டில், இரவு இரண்டு மணிக்குப் படுக்கை விரிப்பை மாற்றும்போது, 'இது எப்போது முடியும்?' என்று ஓர் எண்ணம் அவளை அறியாமல் வந்துவிடும். உடனே நெஞ்சு சுடும். பெற்ற தாயின் முடிவையா வேண்டினோம் என்று அழுவாள். அவள் வேண்டியது தாயின் முடிவை அல்ல. தன் சோர்வின் முடிவை. அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொல்வது மட்டும் போதாது. அண்ணனும் தம்பியும், 'நீ எவ்வளவு பொறுமைசாலி' என்று தொலைபேசியில் புகழ்ந்தால் அவள் முதுகுவலி தீராது. வாரத்தில் இரண்டு இரவு வந்து தாயின் பக்கத்தில் படுத்துக்கொண்டால் தீரும். புகழ்வது எளிது, முறை எடுத்துக்கொள்வதே தர்மம். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதற்காக எழுந்த வழி இது. அந்தத் தாங்கல் முதலில் வீட்டுக்குள் தொடங்கட்டும்.

தாள் புரட்டியவர் தாண்டியது எதை?

இப்போது 9-ஆம் நாள் வாசிப்புக்குத் திரும்பலாம். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினால் என்ன கெட்டுவிடும்? கேட்பவர் ஏழெட்டுப் பேர். அவர்களும் அரைத் தூக்கத்தில்.

அகிலத்திரட்டு அம்மானை வந்த வழியை நினைத்தால் விடை கிடைக்கும். 1841-ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம், அய்யாவின் அருளால் அரிகோபாலன் சீடர் அதை எழுதினார். 15,000 வரிகளுக்கும் மேல். பேனாவும் தாளும் கொண்டு எழுதியது அல்ல. பனையோலையில் இரும்பு எழுத்தாணியால் கீறியது. அது முதன்முதலில் அச்சேறியது 1939-இல். இடையில் உள்ள 98 ஆண்டுகளும் அது ஓலையிலும், ஓலையைப் பார்த்துப் படி எடுத்தவர் கையிலும், பார்த்து வாசித்தவர் நாவிலும் இருந்தது.

படி எடுத்தவருக்கும் கை வலித்திருக்கும். விளக்கில் எண்ணெய் குறைந்திருக்கும். இந்த நான்கு வரியை விட்டால் யாருக்குத் தெரியும் என்று அவருக்கும் தோன்றியிருக்கலாம். அவர் விட்டிருந்தால் உண்மையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் அச்சம் தர வேண்டியது. வெளிப்படையாக நின்றுபோன காரியத்தை அடுத்து வருபவர் எடுத்துத் தொடரலாம். எங்கே நின்றது என்று அடையாளம் இருக்கும். தெரியாமல் தாண்டிய இடத்தை நிரப்ப எவராலும் முடியாது. அங்கே ஒரு குறை இருப்பதே எவருக்கும் தெரியாது. பாதிக் கிணறு தாண்டியவர் விழுவதை ஊர் பார்க்கும். கைகொடுத்துத் தூக்கும். தாண்டாத கிணற்றைத் தாண்டியதாகச் சொல்பவருக்கு யார் கைகொடுப்பது?

ஆகவே அந்த வாசிப்பாளர் செய்யத்தக்கது ஒன்றுதான். தாளைச் சேர்த்துப் புரட்டாமல், குரலைச் சற்றுத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, முடிந்த இடம் வரை வாசிப்பது. அதற்கு மேல் முடியாதபோது ஏட்டில் விரலை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, 'இந்த இடத்திலிருந்து நீங்கள் வாசியுங்கள்' என்று சொல்வது. அதில் வெட்கம் இல்லை. ஏட்டில் வைத்த விரல்தான் முக்கியம். எந்த இடத்தில் நின்றது என்று அது நேர்மையாகக் காட்டுகிறது. அடுத்தவர் அந்த இடத்திலிருந்து எடுக்கிறார். தூணில் சாய்ந்திருந்தவர் குரல் மாறியதைக் கேட்டுக் கண் விழிக்கிறார். ஒரு குவளைச் சுக்கு நீர் வருகிறது. சற்று நேரம் கழித்து முதலில் வாசித்தவரின் தொண்டை தெளிந்து, மீண்டும் அவர் முறை வருகிறது.

17-ஆம் நாள் பட்டாபிஷேகம் வாசிக்கும்போது முற்றம் நிறைந்திருக்கும். அன்று எல்லோருக்கும் இனிமம் கிடைக்கும். முதல் நாள் மட்டும் வந்தவருக்கும், கடைசி நாள் மட்டும் வந்தவருக்கும் கிடைக்கும். அய்யாவின் தர்மத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டாபிஷேகம் நடந்தது, மழை பெய்த 9-ஆம் நாள் இரவில் ஒரு தாளும் தாண்டப்படாததால்தான். அது வாசித்தவருக்குத் தெரியும். அய்யாவுக்குத் தெரியும். அது போதும்.

அன்புக்கொடி மக்களே! கையில் எடுத்த நல்ல காரியம் இன்று பாரமாகத் தோன்றினால், அதைக் கீழே போட வேண்டாம். சுமையைப் பிரியுங்கள். இன்றைக்கு உரிய அளவை மட்டும் இன்று செய்யுங்கள். முடியாத இடத்தில் விரலை வைத்து, பக்கத்தில் இருப்பவரை அழையுங்கள். பக்கத்தில் ஒருவர் களைத்துப்போய் நிற்பதைக் கண்டால், அவர் அழைக்கும் முன்பே அவர் முறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொடங்கி வைத்தவரும் முடித்து வைப்பவரும் வேறு வேறாக இருக்கலாம். தர்மம் ஒன்றே.

அய்யா உண்டு!